தாமரையின் விலையும் மின்னலின் மதிப்பும்

2024இல் ஒரேயொரு சீட்டு 30 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற சீட்டாட்டத்தின் முதல் அச்சான ஆல்ஃபா தொகுப்பில், 1993 ஆகஸ்டில் வெளிவந்த ‘பிளாக் லோட்டஸ்’ அது. அன்று பதினைந்து சீட்டுகள் அடங்கிய ஒரு பாக்கெட் சுமார் இரண்டரை டாலருக்குக் கடையில் கிடைத்தது. இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்து வாய்பிளப்பதோடு பெரும்பாலான கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. அந்த 30 லட்சத்தில் சீட்டுக்கு உரியது எவ்வளவு, சீட்டுக்கு வெளியே உள்ளவற்றுக்குப் போனது எவ்வளவு என்பதே என் கேள்வி. அதைப் பிரித்துப் பார்க்காமல் இந்தத் தொகுப்பைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது.

எல்லோரும் முதலில் சொல்லும் காரணம், அரிது என்பது. ஆல்ஃபாவில் 295 வகைச் சீட்டுகள் உண்டு. பெல்ஜியத்தின் கார்ட்டா முண்டி அச்சகத்தில் மொத்தம் 26 லட்சம் சீட்டுகள் அளவில் அச்சாகின. அரிய வகை என்று ஒதுக்கப்பட்டவை 116. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,100 பிரதிகள். அவை அச்சான தாளில் வரிசைக்குப் பதினொன்றாகப் பதினொரு வரிசை, ஆக 121 இடங்கள். மிஞ்சிய ஐந்து இடங்களில் ‘ஐலண்ட்’ என்ற சாதாரண நிலச் சீட்டைப் போட்டு நிரப்பினார்கள். அரிய சீட்டு வரும் என்று ஆவலோடு பாக்கெட்டைப் பிரித்த சிலருக்கு, வேறெங்கும் தாராளமாகக் கிடைக்கும் அந்த நிலச் சீட்டுதான் வாய்த்தது. இங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: தாளில் லோட்டஸுக்கும் ஓர் இடம்தான், மற்ற 115 அரிய சீட்டுகளுக்கும் தலைக்கு ஓர் இடம்தான். அதே எண்ணிக்கையில் அச்சாகி, அதே அளவு தொலைந்தும் கிழிந்தும் போன பல சீட்டுகள் இன்று லோட்டஸின் விலைக்குக் கிட்டக்கூட வருவதில்லை. எனவே அரிது என்பது விலையின் அடித்தளம் மட்டுமே. அதன் மேல் எழும்பிய மாடிகளுக்கு வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணத்தை ஆட்டத்துக்குள் தேட வேண்டும். மேஜிக் ஆட்டத்தின் முதுகெலும்பு ஒரு கட்டுப்பாடு: ஒரு முறைக்கு ஒரு நிலச் சீட்டுதான் இறக்கலாம். நிலம் தருவது ஐந்து நிறங்களில் ஒன்றான ‘மானா’ என்ற ஆற்றல். மற்ற சீட்டுகளை இறக்க அதைச் செலவிட வேண்டும். முதல் முறை ஒரு மானா, அடுத்த முறை இரண்டு, பிறகு மூன்று என்று இரு தரப்பும் படிப்படியாக ஏறுகின்றன. பொறுமையும் கணக்கும் அந்தப் படிகளில்தான் இருக்கின்றன. பிளாக் லோட்டஸை இறக்க எந்தச் செலவும் இல்லை. இறக்கிய கணமே அதைப் பலிகொடுத்து, விரும்பிய ஒரு நிறத்தில் மூன்று மானா பெறலாம். முதல் முறையிலேயே ஒரு நிலம், ஒரு லோட்டஸ், ஆக நான்கு மானா. எதிரே இருப்பவர் ஒரு மானாவோடு உட்கார்ந்திருக்க, இவர் நான்காவது முறையில் செய்ய வேண்டியதை இப்போதே செய்துவிடுகிறார். கையில் மேலும் ஒரு மானா தரும் ‘மாக்ஸ்’ சீட்டும் இருந்தால் ஐந்து.

லோட்டஸின் குறையைக் காண வெளியே போக வேண்டியதில்லை. அதே தொகுப்பில் ‘டார்க் ரிச்சுவல்’ இருக்கிறது. ஒரு கறுப்பு மானா கொடுத்தால் மூன்று கறுப்பு மானா தரும். அதுவும் வேகமூட்டும் சீட்டுதான். ஆனால் முதலீடு கேட்கிறது, ஒரே நிறத்தோடு கட்டுப்பட்டிருக்கிறது, அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆடுபவரை யோசிக்க வைக்கிறது. லோட்டஸ் எதையும் கேட்பதில்லை. எந்த நிறச் சீட்டுக் கட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். யோசிக்க இடம் தராத சீட்டு வலிமையானதாக இருக்கலாம். நல்ல வடிவமைப்பு ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் நம்பிய தடுப்பு வேறு. மற்றப் பலகை ஆட்டங்களுக்குச் செலவழிக்கும் அளவுதான் ஒருவர் இதற்கும் செலவழிப்பார், ஒரு நண்பர் குழுவில் ஒரு லோட்டஸ் வந்தாலே பெரிது என்று கருதினார். தொடக்க விதிகளில், ஆட்டத்துக்கு முன் இருவரும் தலா ஒரு சீட்டைப் பணயம் வைக்கும் வழக்கமும் இருந்தது. வலிய சீட்டு கை மாறிக்கொண்டே இருக்கும், ஒருவரிடமே தங்காது என்பது எண்ணம். ஒரே சீட்டை எத்தனை பிரதி வேண்டுமானாலும் கட்டில் வைக்கலாம் என்று விதியைத் திறந்து விட்டதும் இந்த நம்பிக்கையில்தான். ஆட்டம் பற்றிக்கொண்டது. மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். பாக்கெட்டின் அரிதை நம்பி ஆட்டத்தின் சமநிலையை விட்டுவைத்தது சில மாதங்களிலேயே பொய்த்தது. 1994 தொடக்கத்தில் லோட்டஸ் போன்றவற்றைக் கட்டுக்கு ஒன்று என்று கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

அப்படியானால் இன்றைய விலை அந்த ஆட்ட வலிமைக்குத் தரப்படுவதா? அதுவும் பொருந்தவில்லை. அதிகாரபூர்வப் போட்டிகளில் லோட்டஸை ஆடக்கூடிய முக்கிய வடிவம் ‘வின்டேஜ்’ ஒன்றுதான். அதிலும் ஒரே பிரதி. ‘லெகசி’ என்ற வடிவத்தில் முழுத் தடை. வின்டேஜ் ஆடும் குழுக்கள் பல, தங்கள் சொந்தப் போட்டிகளில் அசலுக்குப் பதில் மாற்றுச் சீட்டுகளை அனுமதிக்கின்றன. 2014 முதல் இணையவழி மேஜிக்கிலும் லோட்டஸ் இருக்கிறது. திரையில் அதே மூன்று மானா, அதே வேகம், ஆனால் விலை மிகச் சொற்பம். செயலுக்குத்தான் விலை என்றால் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்க முடியாது.

போக்கிமான் சீட்டாட்ட முதல் தொகுப்பின் சாரிஸார்டை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1999இல் அமெரிக்காவில் வந்த முதல் பதிப்பின் குறையற்ற பிரதி ஒன்று 2022இல் 4,20,000 டாலருக்கு விற்றது. ஆட்டத்தில் சாரிஸார்ட் அப்படியொன்றும் மேதாவி இல்லை. அதன் தாக்குதலுக்கு நான்கு நெருப்பு ஆற்றல் சேர்க்க வேண்டும், தாக்கியதும் இரண்டை இழக்க வேண்டும். அதன் விலை முழுக்க, கார்ட்டூன் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையின் பாசம். லோட்டஸின் புகழ் அப்படி வந்ததில்லை. தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் மேஜையில் பார்த்து ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய புகழ் அது. இந்த வகையில் லோட்டஸுக்கே என் மதிப்பெண் கூடுதல். அதன் பெயர் ஆட்டத்துக்குள் சம்பாதித்தது.

சம்பாதித்த பெயரைப் பிறகு, சீட்டின் நிலைக்கு மதிப்பெண் கொடுத்து உறையிடும் தரப்படுத்தும் நிறுவனங்கள் கையில் எடுத்துக்கொண்டன. 2021 ஜனவரியில் ஓர் ஆல்ஃபா லோட்டஸ் 5,11,100 டாலருக்கு ஏலம் போனது. அது பிஎஸ்ஏ நிறுவனம் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்த பிரதி. ஓவியர் கிறிஸ்டோபர் ரஷ்ஷின் கையெழுத்து அதன் பிளாஸ்டிக் உறையின் மேல் இருந்தது. ரஷ் 2016இலேயே காலமாகியிருந்தார். ஆல்ஃபா சீட்டின் கறுப்பு ஓரம் இரக்கமற்றது. இரண்டு முறை கலைத்தாலே விளிம்பில் வெள்ளை தெரியத் தொடங்கும். 1993இல் உறையில்லாமல் கல்லூரி மேஜைகளில் கலைத்து ஆடிய சீட்டுகள் எதுவும் பத்து வாங்க வாய்ப்பில்லை. பத்து வாங்குவது பாக்கெட்டிலிருந்து வந்த நாளிலேயே எடுத்து வைக்கப்பட்டது. ஆக, ஆட்டத்தால் புகழ்பெற்ற சீட்டின் உச்ச விலை, ஆடப்படாத பிரதிக்குப் போய்ச் சேர்கிறது. இதை நான் சிறிய முரணாக எடுத்துக்கொள்ளவில்லை. அடிவாங்கிய பிரதிக்கும் பத்துக்கும் இடையிலான அத்தனை லட்சமும் சீட்டுக்கு வெளியே உள்ள தொகை. அதை உறையின் மேலுள்ள எண்ணுக்கான விலை என்றே கணக்கில் எழுத வேண்டும்.

உறைக்கு நியாயமான ஒரு வேலையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. இந்தச் சீட்டில் மோசடி நுணுக்கமானது. 1993 டிசம்பரில் சேகரிப்பாளர்களுக்கென்று சதுர மூலையும் தங்க ஓரப் பின்பக்கமும் கொண்ட தனிப் பதிப்பு வந்தது. அதன் மூலைகளை வெட்டி வளைத்து உறைக்குள் முகம் மட்டும் தெரியும்படி விற்பார்கள். வெள்ளை ஓரம் கொண்ட அன்லிமிடெட் அச்சின் சீட்டுக்குக் கறுப்பு மை பூசுவார்கள். இரண்டாம் அச்சான பீட்டாவின் மூலையைச் சற்றே கூடுதலாக வளைத்து ஆல்ஃபா ஆக்குவார்கள். ஆல்ஃபாவின் மூலை வளைவு மற்ற எல்லா அச்சுகளையும்விடப் பெரியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அசல் சீட்டின் ஓவியம் சின்னஞ்சிறு மைப்புள்ளிகளின் வட்ட வட்டக் கோலமாகத் தெரியும், எழுத்தும் ஓரமும் மட்டும் புள்ளியில்லாத கெட்டிக் கறுப்பாக நிற்கும். வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த போலியில் கறுப்பும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். அசலா போலியா என்று ஒரு நிபுணர் சொல்வதற்குக் காசு கொடுப்பது சரி. ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையே ஒரு வீட்டின் விலையை வைப்பது அந்த வேலைக்குள் அடங்காது.

மிச்சமிருக்கும் தூண் ஒரு வாக்குறுதி. 1995இல் வெளியீட்டாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் பழைய சீட்டுகளை ‘குரோனிக்கிள்ஸ்’ என்ற பெயரில் மறுஅச்சிட்டது. விலை சரிந்தது, சேகரித்தவர்கள் கொதித்தார்கள். 1996இல் இனி ஒருபோதும் மறுஅச்சிடமாட்டோம் என்ற சீட்டுகளின் பட்டியலை நிறுவனம் வெளியிட்டது. லோட்டஸ் அதில் உண்டு. 2010இல் விதி இன்னும் இறுக்கப்பட்டது. சட்டம் எதுவும் இதற்குப் பின்னால் இருப்பதாகத் தெரியாமலே சந்தை முழுவதும் அந்தச் சொல்லின் மேல் சாய்ந்து நிற்கிறது. 2022இல் முப்பதாம் ஆண்டு என்று நான்கு பாக்கெட்டுகளை 999 டாலருக்கு விற்றார்கள். பின்பக்கம் வேறு, போட்டிகளில் ஆட முடியாது, ஆனால் உள்ளே லோட்டஸ் வரலாம். வாக்கின் எழுத்தைக் காத்து அதன் உணர்வை விற்ற செயல் அது. ஆடுபவர்கள் கண்டித்தது முற்றிலும் நியாயம்.

என் தீர்ப்பு இது. ஆல்ஃபா தொகுப்பின் மதிப்பு மெய்யானது. ஒரு புதிய ஆட்ட வகையே அதிலிருந்து பிறந்தது. வரலாற்றுப் பொருளாக பிளாக் லோட்டஸுக்கு அதில் முதலிடம் தரலாம். ஆனால் ஆல்ஃபாவின் சிறந்த சீட்டு எது என்று கேட்டால், அதே ரஷ் வரைந்த ‘லைட்னிங் போல்ட்’ என்பேன். ஒரு சிவப்பு மானா, மூன்று அடி. எதிராளியை அடிப்பதா, அவர் இறக்கிய உயிரிச் சீட்டை அடிப்பதா, இப்போதா, அவர் அசையும்வரை காத்தா என்று ஒவ்வொரு முறையும் அது முடிவெடுக்க வைக்கிறது. ஒரு மானாவுக்கு மூன்று என்ற ஒரே வாய்ப்பாட்டில் ஐந்து நிறங்களுக்கும் ஒவ்வொன்றாகச் செய்த ஐந்து சீட்டுகளில் ஒன்று அது. டார்க் ரிச்சுவலும் அதில் உண்டு. ஒரு மானாவுக்கு மூன்று சீட்டு எடுத்துத் தரும் ‘அன்செஸ்ட்ரல் ரீகால்’ மட்டும் அளவு தப்பி, லோட்டஸோடு சேர்த்து எண்ணப்படும் ஒன்பது வலியவற்றில் போய் நின்றது. போல்ட் அளவு தப்பவில்லை.

போல்ட்டை எத்தனையோ முறை மறுஅச்சிட்டுவிட்டார்கள், அதனால்தான் மலிவு என்று சேகரிப்பாளர்கள் இதை மறுக்கலாம். உண்மை. அத்தனை முறை அச்சிட்டும் அதை லெகசியிலிருந்து விலக்க வேண்டி வரவில்லை, அங்கே இன்றும் கட்டுக்கு நான்கு வைத்து ஆடுகிறார்கள், தோற்றவர் அதைக் குறை சொல்வதில்லை. லோட்டஸை மறுஅச்சிட்டு எல்லோர் கையிலும் கொடுத்தால் வாக்குறுதி மட்டும் உடையாது, ஆட்டமும் உடையும்.