ஒரு சீட்டு எழுந்து போன இரவு

அந்த இரவு என் சீட்டுக்கட்டிலிருந்து ஓர் ஆள் எழுந்து போய்விட்டார்.

நான் எடுத்த ஒரு முடிவை அவரால் ஏற்க முடியவில்லை. என் முன்னால் வந்து நின்றார், மனதில் இருந்ததைச் சொன்னார், கிளம்பிவிட்டார். அடுத்த சண்டைக்கு முன்னால் கட்டைத் திறந்து பார்த்தேன். அவர் சீட்டைக் காணோம். பல மணி நேரம் செலவழித்து, அவரை நடுவில் வைத்துத்தான் மற்ற சீட்டுகளையெல்லாம் பொறுக்கி அடுக்கியிருந்தேன். மடிக்கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். தொண்டை அடைத்திருந்தது. படம் போட்ட ஒரு சீட்டுக்காகவா இத்தனை வருத்தம் என்று கேட்பீர்கள். ஆமாம், அந்தச் சீட்டுக்காகத்தான்.

போனது யார் என்று சொல்லமாட்டேன். இதைப் படித்துவிட்டு நீங்களும் ஆடுவீர்கள் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன். அந்த அடி உங்களுக்கும் முன்னறிவிப்பில்லாமல் விழவேண்டும்.

ஆட்டத்தின் பெயர் ‘த்ரோன்பிரேக்கர்: த விட்சர் டேல்ஸ்’. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2018 அக்டோபர் 23 அன்று கணினிக்கு வெளியிட்டது. டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும், 2020 ஜனவரியில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. பிறகு கைப்பேசிக்கும் வந்துவிட்டது. போலிஷ் மொழியில் இதன் பெயர் ‘இரத்தப் போர்’ என்று பொருள்படும். ஒரு படையை நடத்திக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கதையாட்டம் இது. ஆனால் வாள் சுழற்ற வேண்டியதில்லை, வில் வளைக்க வேண்டியதில்லை. எல்லாச் சண்டையும் சீட்டில்தான்.

சீட்டாட்டத்தின் பெயர் க்வென்ட். 2015-இல் வந்த ‘த விட்சர் 3’ ஆட்டத்தில் சத்திரங்களில் உட்கார்ந்து பொழுதுபோக்காக ஆடும் ஒரு சின்ன விளையாட்டாக அது அறிமுகமானது. தொலைந்துபோன வளர்ப்பு மகளைத் தேடிப் போகவேண்டிய கதாநாயகன் கெரால்ட்டை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, ஊரில் உள்ள ஒவ்வொரு வியாபாரியோடும் சீட்டாடிக்கொண்டிருந்த கோடை விடுமுறை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சின்ன விளையாட்டுக்கு அவ்வளவு இழுப்பு. அதைப் பிரித்தெடுத்துத் தனி ஆட்டமாக்கினார்கள். அது சோதனைக் கட்டத்தைத் தாண்டி முழுதாக வெளியான அதே நாளில்தான் த்ரோன்பிரேக்கரும் வந்தது.

க்வென்டின் விதி எளிது. உங்கள் பக்கம் இரண்டு வரிசை, எதிராளி பக்கம் இரண்டு வரிசை. ஒவ்வொரு சீட்டும் ஒரு வீரன் அல்லது ஒரு கருவி. அதன் மேல் ஓர் எண் இருக்கும், அதுதான் அதன் பலம். மாறி மாறி ஒவ்வொரு சீட்டாக இறக்கவேண்டும். கடைசியில் யாருடைய வரிசைகளின் கூட்டுத்தொகை அதிகமோ அவருக்கு அந்தச் சுற்று. மூன்று சுற்றில் இரண்டை எடுத்தவர் வென்றார்.

இதில் உயிர்நாடி எது தெரியுமா? எந்த நேரத்திலும் ‘பாஸ்’ சொல்லி அந்தச் சுற்றிலிருந்து ஒதுங்கிக்கொள்ளலாம். சுற்றுகளுக்கு நடுவில் கைக்குப் புதிதாக வரும் சீட்டு மிகக் கொஞ்சம். முதல் சுற்றில் வீறாப்பாக எல்லாவற்றையும் இறக்கி ஜெயித்தால், அடுத்த இரண்டு சுற்றுக்கும் வெறுங்கையோடு நிற்கவேண்டும்.

ஒருநாள் அப்பா என் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரம்மியில் அவரை அடித்துக்கொள்ள எங்கள் தெருவில் ஆள் கிடையாது. நான் முதல் சுற்றில் நாலு புள்ளி பின்னால் இருந்தேன். கையில் நல்ல சீட்டுகள். இருந்தும் பாஸ் சொல்லிவிட்டேன்.

“ஏம்மா, இவ்வளவு நல்ல சீட்ட கையில வெச்சுக்கிட்டு விட்டுட்டியே?”

“எண்ணிப் பாருங்கப்பா. எனக்கு ஏழு சீட்டு இருக்கு. அவன் கையில அதவிடக் கம்மி.”

அப்பா ஒரு நிமிடம் பேசவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்ப இது ஸ்கூட்டு. பெரிய கணக்கு ஏறுறதுக்கு முன்னாடி சின்னதக் குடுத்துட்டு ஒதுங்கிக்கறது” என்றார். மீதி இரண்டு சுற்றும் நான் ஜெயிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. ஆட்டத்தின் சாரத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். எதை விட்டுக்கொடுப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்பதுதான் க்வென்ட். அந்தக் கேள்வியைச் சீட்டு மேசையிலிருந்து கதைக்குள்ளும் கொண்டுபோனதால்தான் இந்த ஆட்டத்தை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறேன்.

கதையின் நாயகி மேவ். லிரியா, ரிவியா என்ற இரண்டு நாடுகளுக்கு அரசி. கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய், குதிரை மேல் உட்கார்ந்தே ஆட்சி நடத்தும் ரகம். போலிஷ் எழுத்தாளர் ஆன்ட்ரேய் சாப்கோவ்ஸ்கியின் விட்சர் நாவல்களில் அவள் வந்துபோவது கொஞ்ச இடத்தில்தான். யாருகா ஆற்றுப் பாலத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு, கெரால்ட்டுக்கு வீரப்பட்டம் சூட்டுபவள் அவள்தான். அந்தப் பாலத்துக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்ற வழியை முழுக்க விரித்துச் சொல்கிறது த்ரோன்பிரேக்கர்.

தெற்கிலிருந்து நில்ஃப்கார்ட் பேரரசு படையெடுத்து வருகிறது. பெற்ற மகனே எதிரியிடம் பணிந்துவிடுகிறான். அவனுக்கு அந்த யோசனையைச் சொன்னவர் மேவின் அரசவையிலேயே இருந்த பிரபு. நேற்றுவரை அரசியாக இருந்தவள் இன்று கைதி. அவள் தப்பிக்கக் கைகொடுப்பவர்களில் ஒருவன் காஸ்கான்; யாரைப் பிடிக்க அவள் காடு மேடெல்லாம் அலைந்தாளோ அந்தக் கொள்ளைக்கூட்டத் தலைவன். இன்னொருவர் தளபதி ரெய்னார்ட். அவள் சொல்லுக்கு மறுசொல் இல்லாதவர். இவர்களோடு ஏதிர்ன் நாடு, குள்ளர்கள் வாழும் மஹாகம் மலை, ஆங்கிரென் சதுப்புநிலம் என்று சுற்றி, ஆள் சேர்த்துக்கொண்டு சொந்த மண்ணுக்குத் திரும்புவதுதான் பயணம். லிரியாவும் ரிவியாவும் சேர்த்து ஐந்து நிலங்களும் கையால் வரைந்த சித்திரக்கதைப் பக்கம்போல விரிகின்றன. மஹாகம் பனியும் ஆங்கிரென் சேறும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. மார்சின் பிசிபிவோவிச்சும் மிகோவாய் ஸ்ட்ரோயின்ஸ்கியும் அமைத்த இசை, முகாமில் நெருப்பு எரியும்போது ஒன்றும் படை நகரும்போது ஒன்றுமாக மாறி நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது.

வழியில் சேரும் ஒவ்வொருவரும் உங்கள் கட்டில் ஒரு சீட்டாகிறார்கள். காஸ்கான் ஒரு சீட்டு, ரெய்னார்ட் ஒரு சீட்டு. எல்ஃப்களை அடியோடு வெறுக்கும் ரேலா ஒரு சீட்டு. குள்ளன் கபோர் ஒரு சீட்டு. மேவ் மட்டும் கட்டுக்கு வெளியே, தலைவியாக நிற்கிறாள். அவள் வாளை ஓங்கும்போதெல்லாம் அவளிடம் விசுவாசம் கொண்ட சீட்டுகள் தாமாகவே கூடச் சேர்ந்து இயங்கும். இந்த ஒரு விதியில் எவ்வளவு கதை இருக்கிறது பாருங்கள்! அரசி கையசைத்தால் படை அசைகிறது என்பதை வசனம் வைத்துச் சொல்லாமல் விதியாகவே எழுதிவிட்டார்கள்.

சண்டைகளுக்கு நடுவே முடிவுகள். எல்ஃப்களைக் கொல்லத் துடிக்கும் கிராமத்துக் கூட்டத்தைத் தடுப்பதா, கண்டும் காணாமல் போவதா? பசியோடு வரும் அகதிகளுக்குப் பணத்தைக் கொடுப்பதா, படைக்கு ஆள் சேர்க்க வைத்துக்கொள்வதா? தங்கம், மரம், ஆள் பலம் இந்த மூன்றையும் வைத்துத்தான் முகாமை வளர்க்கவேண்டும், புதுச் சீட்டு வாங்கவேண்டும். நல்லது செய்தால் கஜானா குறையும். கொடுமை செய்தால் படையின் மனம் சோரும், சோர்ந்த மனம் அடுத்த சண்டையில் சீட்டுகளின் எண்ணிலேயே தெரியும். தோழர்களோ உணவுக் கூடாரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்கு ஆகாது. எல்லாரையும் திருப்திப்படுத்திக்கொண்டு ரிவியாவரை போய்ச் சேரவே முடியாது.

மற்ற ஆட்டங்களில் தோழன் பிரிந்தால் வருத்தம் கதையோடு முடியும். இங்கே அடுத்த சண்டையில் கை தேடும். “இந்த இடத்தில் அவர் இருந்திருந்தால்” என்று ஒவ்வொரு முறையும் நினைக்கவைக்கும். பிரிவை இவ்வளவு துல்லியமாக உணர்த்திய வேறு ஆட்டத்தை நான் ஆடியதில்லை.

புதிர்ச் சண்டைகளையும் சொல்லாமல் விடமுடியாது. அங்கே உங்கள் கட்டு செல்லாது, அவர்கள் கொடுக்கும் சீட்டுகளை வைத்து முடிச்சை அவிழ்க்கவேண்டும். சதுப்புநிலத்தில் கெர்னிகோரா என்ற பூதத்தோடு மோதும் இடமும், மலையில் கெல்டுல்லிஸ் என்ற டிராகன் குறுக்கிடும் இடமும் சீட்டை வைத்து இப்படியெல்லாம் பயமுறுத்தலாமா என்று வாய்பிளக்க வைத்தவை.

இனி எனக்கு எரிச்சல் மூட்டியவை. ஆசையாகப் பேசும்போது இவற்றை மறைத்தால் அந்த ஆசைக்கே மரியாதை இல்லை.

முதலாவது, நடுத்தர நிலையில் ஆட்டம் பாதிக்குமேல் மிகச் சுலபமாகிவிடுகிறது. ஒன்றோடொன்று பொருந்தும் நாலைந்து சீட்டுகள் அமைந்துவிட்டால் போதும், வருகிற எதிரியையெல்லாம் ஒரே உத்தியில் உருட்டிவிடலாம். எதை விட்டுக்கொடுப்பது என்று யோசிக்கவைத்த அழகான க்வென்ட், விட்டுக்கொடுக்கத் தேவையே இல்லாத ஆட்டமாகிவிடுகிறது. பல சண்டைகள் ஒரே சுற்றில் முடிவதால் பாஸ் சொல்லும் நுட்பத்துக்கும் அங்கே வேலை இல்லை. அதனால் சீட்டாட்டம் கொஞ்சம் பழகியவர்கள் தொடக்கத்திலேயே ‘போன்பிரேக்கர்’ என்ற கடின நிலைக்குப் போய்விடுங்கள். கதை மட்டும் போதும் என்பவர்களுக்கு எளிய நிலை இருக்கிறது, அதில் சண்டையைத் தாண்டியே போகலாம்.

இரண்டாவது, பொறுக்குதல். வழியெல்லாம் மரக்கட்டைக் குவியல், காசு மூட்டை. ஒவ்வொன்றின் அருகிலும் போய்ப் போய் எடுக்கவேண்டும். நாடு பறிபோன அரசி மூலை முடுக்கெல்லாம் விறகு தேடுவது கதையின் வேகத்தைக் கெடுக்கிறது. கடைசிக் கட்டத்தில் அள்ளிக் கொடுத்தாலும் தீராத அளவுக்குக் கையில் சேர்ந்துவிடுவதால், தர்மமா கஜானாவா என்ற தவிப்பும் நீர்த்துப்போகிறது.

மூன்றாவது, புதிர்கள் சிலவற்றுக்கு ஒரே ஒரு விடைதான். கடைசிச் சீட்டில் கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஓர் அடி மட்டும் பின்வாங்க வழி வைத்திருக்கலாம். நான்காவது, தேடிக் கண்டுபிடிக்கும் தங்கப் பெட்டிகளில் இருப்பவை தனி ஆட்டமான க்வென்டில் பயன்படும் சீட்டுகள். அதை ஆடாதவருக்கு அந்தப் புதையலால் மேவின் படையில் ஓர் ஆள்கூடக் கூடுவதில்லை.

இவ்வளவும் இருந்தும் ஏன் கொண்டாடுகிறேன்? முதல் முறை முடித்தபோது 40 மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது. முடித்த மறுநாளே கடின நிலையில் மறுபடி ஆரம்பித்தேன். ஒரே நோக்கம்தான்: இந்த முறை அவரைப் போகவிடக் கூடாது. எந்த முடிவால் போனார் என்று தெரியும், மாற்றிச் சொன்னால் இருப்பார்.

அந்த இடம் வந்தது. இரவு ஒரு மணி இருக்கும். திரையில் இரண்டு வழிகள். மேவ் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். ஒரு வழியில் போனால் என் கட்டின் முதுகெலும்பு என்னோடு இருக்கும். ஆனால் அதற்கு அவள் கொடுக்கவேண்டிய விலை, சென்ற முறையைப் போலவே இந்த முறையும் எனக்குச் சம்மதமில்லாதது. அவரைத் தக்கவைத்துக்கொள்வதற்காக மட்டும் மேவை வேறொருத்தி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. வெகுநேரம் விரலை வைத்தபடியே இருந்துவிட்டு, சென்ற முறை எடுத்த அதே முடிவை எடுத்தேன்.

அவர் வந்து நின்றார், சொன்னார், போனார். நான் முகாமுக்குத் திரும்பிக் கட்டைத் திறந்தேன். காலியான இடத்தில் சாதாரண வில்லாளிகள் இரண்டு பேரைச் சேர்த்தேன். படை ஆங்கிரென் சேற்றில் நடக்கத் தொடங்கியது.