மணிமுடியும் மகப்பேறும்

அரண்மனையிலே பிறக்காத பெண்ணொருத்தி, அரசகுமாரனின் கரம் பற்றி அரண்மனைக்குள் நுழைகிறாள். ஏடுகள் எக்காளமிடுகின்றன. குடிமகள் கோமகளானாள், குலப்பெருமை பேசியோர் குப்புற வீழ்ந்தனர் என்று கூறிக் களிக்கின்றன. படிப்போரும் களிக்கின்றனர். அந்தக் களிப்பிலே நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், திருமணப் பந்தலோடு கதையை முடித்துவிடும் வழக்கம் நமக்கு ஏற்றதன்று. பந்தல் பிரித்த பிறகு என்ன நடந்தது? எதைக் கேட்டார்கள் அவளிடம்? எதைக் கொடுத்தார்கள் அவளுக்கு? தோழர்களே, அதையும் கேட்டால்தான் கதை முழுமையடையும். ஜப்பான் நாட்டுப் பேரரசி மசாக்கோ அம்மையாரின் வாழ்வு, இக்கேள்விகளுக்கு விடை கூறும் ஏடாக நம்முன் விரிந்து கிடக்கிறது.

மசாக்கோ ஒவாடா 1963 டிசம்பர் 9 அன்று டோக்கியோ நகரில் பிறந்தவர். தந்தையார் வெளியுறவுத் துறை அதிகாரி. பின்னாளில் அனைத்துலக நீதிமன்றத்தின் தலைவராக அமர்ந்தவர். மாஸ்கோவிலும் நியூயார்க்கிலும் வளர்ந்த இந்தப் பெண், 1985-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டம் பெற்றார். கடினமான தேர்வில் வென்று, 1987-ல் வெளியுறவு அமைச்சகத்தில் அலுவலரானார். ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பப்பட்டுக் கற்றார். அமெரிக்காவுடனான பொருளாதார உறவுகளைக் கவனிக்கும் பிரிவில் பணியாற்றினார். பிறப்பால் வந்த பெருமையன்று இது. படித்து, உழைத்து, தேறிப் பெற்றது.

பட்டத்து இளவரசராகப் பின்னர் ஆன நருஹிட்டோ, 1986-ல் ஒரு தேநீர் விருந்திலே இவரைச் சந்தித்தார். விரும்பினார். பெண்ணோ உடனே இசையவில்லை. ஆண்டுகள் பல கழிந்த பின்பே இசைவு கிடைத்தது. 1993 ஜூன் 9 அன்று திருமணம். வேலையைத் துறந்தார் மசாக்கோ. அரச குடும்பத்திலிருந்து ஆற்றுவதும் நாட்டுக்கான தூதுப்பணிதான் என்ற நம்பிக்கையோடு துறந்தார். பன்மொழி அறிந்தவர், உலகம் சுற்றியவர், உரையாட வல்லவர்; இவரால் நாட்டுக்கு நலம் விளையும் என்று பலரும் எண்ணினர்.

அரண்மனை எண்ணியது வேறு. அதன் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஆண்மகவு எங்கே?

இந்தக் கேள்வி மாமியார் வீட்டு முணுமுணுப்பாக மட்டும் இருந்திருந்தால், காலம் மாற்றிவிடும் என்று விட்டுவிடலாம். இதுவோ சட்டம்! அரியணை ஆண்வழி வந்த ஆணுக்கே உரியது என்று 1889-ல் எழுதினார்கள். 1947-ன் அரசகுல சட்டத்திலும் அதையே வைத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானின் புதிய அரசியல் சட்டமும் இந்த அரசகுல சட்டமும் ஒரே நாளில், 1947 மே 3 அன்று, நடைமுறைக்கு வந்தன. அரசியல் சட்டம் கூறுகிறது, பாலினத்தாலும் குடிப்பிறப்பாலும் வேற்றுமை கூடாது என்று. அதிலே திருமணத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் சமஉரிமை வழங்கும் 24-ஆம் பிரிவை வரைந்தவர், பியாத்தே சிரோட்டா என்னும் 22 வயது இளம்பெண். நாட்டின் பெண்களுக்கெல்லாம் ஒரு சட்டம். அரண்மனைப் பெண்களுக்கு மட்டும் வேறொரு சட்டம். ஒரே நாளில் பிறந்த இரட்டையருள் ஒன்று ஒளி, மற்றொன்று இருள்!

'மரபு' என்பார்கள். கேட்போம்: எந்த மரபு? ஜப்பானின் வரலாற்றிலே எட்டுப் பெண்கள் அரியணை ஏறி ஆண்டிருக்கிறார்கள். அந்தக் குலத்தின் மூதாதை என்று புராணம் கூறும் அமதெராசு, ஆணல்லள், பெண் தெய்வம். பெண்ணிலே தொடங்குவதாகக் கதை கட்டிவிட்டு, பெண்ணுக்கு இடமில்லை என்று கதவடைப்பது என்ன நியாயம்? நான் தெய்வமல்லன் என்று 1946 புத்தாண்டு நாளில் மன்னர் ஹிரோஹிட்டோவே அறிவித்துவிட்டார். தெய்வம் போயிற்று. தெய்வத்தின் பெயரால் காத்து வந்த ஆண்வழிக் கணக்கு மட்டும் போகவில்லை.

அந்தக் கணக்குக்கு முன்னே மசாக்கோவின் கல்வி எம்மாத்திரம்? வெளிநாட்டுப் பயணங்கள் அரிதாயின. 1999 டிசம்பரில், அவர் கருவுற்றிருக்கிறாரா என்பது உறுதிப்படுமுன்பே ஏடுகள் அதைப் பறைசாற்றின. அம்மாதமே கரு கலைந்தது. 2001 டிசம்பர் 1 அன்று ஐகோ என்னும் பெண்குழந்தை பிறந்தது. பெற்றோர் மகிழ்ந்தனர், சட்டம் மகிழவில்லை. 2003 இறுதியில் நோயுற்றுப் பொதுப்பணியிலிருந்து ஒதுங்கினார். மசாக்கோவின் தொழில்வாழ்வையும் ஆளுமையையும் மறுக்கும் போக்குகள் இருந்தன என்று 2004 மே மாதம் கணவரே செய்தியாளர் முன்னிலையில் மனம் திறந்தார். பட்டத்து இளவரசர் ஒருவர் அவ்வாறு பேசியது நாட்டையே திகைக்க வைத்தது. மனஅழுத்தத்தால் விளைந்த நோய் என்று அரசகுல அலுவலகம் அந்த ஜூலையில் அறிவித்தது.

அவர் மென்மையானவர், தாங்கமாட்டாதவர் என்று சிலர் தீர்ப்புக் கூறினர். அவருக்கு முன்னே அவ்வழி சென்றவரைப் பார்த்துவிட்டு அல்லவா தீர்ப்புக் கூற வேண்டும்? மாவு ஆலை அதிபரின் மகளான மிச்சிகோ அம்மையார், 1959-ல் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவை மணந்தார். குடிமக்களிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். ஆண்மக்கள் இருவரைப் பெற்றவர். அவரையும் வசைகள் விடவில்லை. 1993 அக்டோபரில், தமது பிறந்த நாளன்றே மயங்கி வீழ்ந்து, மாதக்கணக்கில் பேச்சிழந்தார். மாமியார் குரலை இழந்தார். மருமகள் உடல்நலத்தை இழந்தார். இருவர் மீதும் குற்றம் சுமத்துவதைவிட, இருவரும் அமர்த்தப்பட்ட இடத்தின் மீது ஐயங்கொள்வது அறிவுடைமை அன்றோ?

திருத்தம் வரும் போலத்தான் இருந்தது. ஆணாயினும் பெண்ணாயினும் முதல் குழந்தைக்கே பட்டம் என்று, அரசு அமைத்த குழு 2005-ல் பரிந்துரைத்தது. சட்டமும் வரவிருந்தது. 2006 தொடக்கத்தில் இளைய இளவரசரின் மனைவி கருவுற்ற செய்தி வந்தது, சட்டம் ஒத்திவைக்கப்பட்டது. செப்டம்பர் 6 அன்று ஹிசஹிட்டோ பிறந்தான். அக்குடும்பத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த முதல் ஆண்மகவு. பாதிப் பேருக்குரிய நீதி, ஒரு தொட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று!

2019 மே 1 அன்று நருஹிட்டோ மன்னரானார். வாளும் மணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட சடங்கிலே, அரச குடும்பத்துப் பெண்களுக்கு இடமில்லை. அன்று பேரரசியாகும் மசாக்கோவுக்கும் இல்லை. அமைச்சர் என்ற முறையில் ஒரு பெண் மட்டும் அங்கே நின்றார். தோழர்களே, இந்தக் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். மக்கள் மன்றத்தின் வழியே வந்த பெண்ணுக்கு அந்த மண்டபத்தில் இடமுண்டு. மணவறையின் வழியே வந்த பெண்ணுக்கு இல்லை. எந்த வழி பெண்ணை உயர்த்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மசாக்கோ அம்மையாரின் பணியை நாம் குறைத்துப் பேசவில்லை. 2011-ல் ஆழிப்பேரலையால் வீடிழந்தோரைக் கணவரோடு சென்று கண்டு ஆறுதல் கூறினார். 2019-ல் அமெரிக்க விருந்தினரோடு மொழிபெயர்ப்பாளர் துணையின்றி உரையாடினார், நாடு வியந்தது. 2024-ல் ஆக்ஸ்போர்டு அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் வழங்கியது. நாம் கேட்பது இதுதான்: இத்துணை ஆற்றலையும் இடையிலே எத்தனை ஆண்டுகள் பூட்டி வைத்தார்கள்? எதற்காக?

மகள் ஐகோ, 2024-ல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துச் செஞ்சிலுவைச் சங்கத்தில் பணிக்குச் சேர்ந்தார். அவரால் அரியணை ஏற முடியாது. குடிமகன் ஒருவரை மணந்தால், 1947-ன் சட்டப்படி அரச குடும்பத்தை விட்டே வெளியேற வேண்டும். இச்சட்டத்தை மாற்றுமாறு ஐக்கிய நாடுகளின் பெண்ணுரிமைக் குழு 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. ஜப்பான் அரசோ, தான் தரும் நன்கொடையை அக்குழுவுக்குச் செலவிடக் கூடாது என்று 2025 ஜனவரியில் கூறியது. கேள்விக்கு விடையில்லாதபோது கேட்டவரின் உண்டியலை மூடுவது, உலகெங்கும் ஒரே பழக்கம் போலும்!

குடிமகள் ஒருத்தியை அரண்மனை ஏற்றுக்கொண்டதாலே குலபேதம் ஒழிந்துவிடாது. படித்த பெண்ணை மணமகளாக்கியதாலே பெண்ணடிமை தீர்ந்துவிடாது. ஒருவரை உயர்த்தி, விதியை அப்படியே விட்டுவைப்பது அரண்மனைகளுக்கு எளிது; அதற்கு ஊர்வலமும் உண்டு, வாழ்த்தும் உண்டு. விதியைத் திருத்துவதுதான் கடினம். அதற்கு வாழ்த்துப் பாட எவரும் வரமாட்டார். இனி ஓர் அரண்மனைத் திருமணச் செய்தியை ஏட்டிலே காணும்போது, மணமகளின் ஆடை என்ன விலை என்று கேட்போர் கேட்கட்டும். நாம் கேட்க வேண்டியது வேறு: அவளுக்குப் பிறக்கும் மகளுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை?