சிவநேசர் துயரும் ஐந்நிலைக் கொள்கையும்

சாவை எதிர்நோக்குவாரது உள்ளம் மறுத்தல், சினத்தல், பேரம்பேசல், சோர்தல், ஏற்றல் என்னும் ஐந்து நிலைகளையுடையது என்பது எலிசபெத் கூப்ளர்-ராஸ் அம்மையார் 1969இல் வெளியிட்ட நூலின் கொள்கையாகும். சுவிட்சர்லாந்திற் பிறந்து அமெரிக்காவில் மருத்துவராய் விளங்கிய அவ்வம்மையார், சிகாகோ நகரில் தீராநோயுற்றாரோடு நேரில் உரையாடியே இதனை வகுத்தனர். இறப்பாரைக் குறித்து எழுந்த இக்கொள்கை பின்னர் இழந்தார்க்கும் உரியதாக விரிக்கப்பட்டது. அசோக் நகரினின்றும் சிறிது வழியே சென்றடையத்தக்க திருமயிலையில், ஆண்டுதோறும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில், பூம்பாவை உயிர்பெற்றெழுந்த வரலாறு நினைவுகூரப்படுகின்றது. அவள் தந்தையாராகிய சிவநேசரது துயரினை இவ்வைந்நிலையால் அளந்து காண்டல் பொருந்துமோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

சேக்கிழார் பெருமான் கூறும் வரலாறு இது. ஏழாண்டு நிரம்பிய பூம்பாவை மலர்கொய்யச் சென்றவிடத்து அரவு தீண்டியது. மருத்துவரும் மந்திரவாதியரும் முயன்றும் நஞ்சு தீர்ந்திலது. தீர்ப்பார்க்குப் பெரும்பொருள் தருவதாகச் சிவநேசர் பறையறைவித்தார். அதனாலும் பயனின்மை கண்டு, ஈமக்கடன் முடித்து, என்பினையும் சாம்பரையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்துப் பேணினார்.

பறையறைவித்தது பேரம் என்றும், குடத்தைப் பேணியது மறுத்தல் என்றும் ஒருவர் கூறக்கூடும். இரண்டும் மேலோட்டமான ஒப்புமையே. பேரமாவது வாழ்நாள் நீட்டிப்பு வேண்டி இறைவனோடு உடன்படிக்கை செய்தல். சிவநேசர் செய்ததோ, நோயுற்ற மகவுக்குப் பெற்றோர் எவரும் செய்யும் கடமை. மகள் இறந்திலள் என்று அவர் கருதியிருப்பின் எரியூட்டியிரார். சினமோ அவர்பால் யாண்டும் காணப்பட்டிலது.

மற்று, குடத்தைப் பேணியது எற்றுக்கெனின், பூம்பாவையை முன்னரே திருஞானசம்பந்தப் பிள்ளையார்க்கென்று உரியளாக்கியிருந்தமையின் என்க. பிறர்க்குரிய பொருளைக் காத்து ஒப்புவிக்கும் கடப்பாடே அது. உயிர் என்றுமுள்ளது, தனு கரண புவன போகங்கள் மாயையினின்றும் இறைவனால் வினைக்கீடாகத் தரப்படுவன என்பது சித்தாந்தத் துணிபு. தந்தவன் அவனாகலின், பெற்றவன் காப்பாளனேயன்றி உடையவனல்லன். இவ்வுணர்வு சிவநேசர்க்குத் துயரின் முடிவில் வந்து சேர்ந்ததன்று. துயர்க்கு முன்னரே இருந்து, துயரினூடே அவரைத் தாங்கியது. ஐந்நிலைக் கொள்கையிற் காணப்படாத ஒன்று இதுவேயாம்.

இது பற்றிச் சித்தாந்தம் அழுகையை விலக்கிற்றென்று கொள்ளற்க. சிவநேசர் வெந்துயருற்றதைச் சேக்கிழார் மறைத்திலர். இழந்தார் முன்னின்று, வினை என்றும் மாயை என்றும் உரைத்துக் கண்ணீரைத் தடுப்பார், நூற்பொருளை அறிந்தும் இடமறியாதவராவர். பூம்பாவைத் திருப்பதிகமும் தத்துவம் உரைத்து எழுப்பிற்றன்று. திருமயிலையில் நிகழும் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றைக் காணாமற் போதல் தகுமோ என்று பரிவொடு வினவுகின்றது.

இனி, பன்னீராண்டு நிரம்பிய உருவோடு எழுந்த மகளை மணந்துகொள்ளுமாறு சிவநேசர் வேண்ட, தம்மால் உயிர்பெற்றமையின் அவள் தமக்கு மகளாவாள் என்று பிள்ளையார் மறுத்தருளினர். மகளைத் திரும்பப் பெற்ற அன்றே, அவளைப்பற்றி நெடுங்காலம் கொண்டிருந்த எண்ணத்தைச் சிவநேசர் இழந்தார், அவ்விழப்பையும் ஏற்றார். மாண்டவர் மீள்வர் என்று காட்டுதல் மட்டுமே இவ்வரலாற்றின் கருத்தாயின் இப்பகுதி வேண்டாததாகும். என்புக்குடம் எழாத இல்லங்களுக்கும் இது பயன்படுவது இப்பகுதியானன்றோ?

ஐந்நிலைக் கொள்கையைப் பயனற்றதெனத் தள்ளுதலும் முறையன்று. சினந்து பேசும் நோயாளியைப் பொல்லாதவன் என்று ஒதுக்காது, அருகிருந்து கேட்கக் கற்பித்த நன்மை அதற்குண்டு. எல்லாரும் ஒரே வரிசையில் அந்நிலைகளைக் கடப்பர் என்பதற்கோ பிற்கால ஆராய்ச்சிகள் துணைநின்றில. அம்மையார்தாமும் அவற்றை மாறா ஒழுங்காகக் கொள்ளற்க என்றே பின்னர் எழுதினர். ஆகலின் அக்கொள்கை நோய்ப்படுக்கையருகே கேட்கும் செவியைத் தருவது. சிவநேசர் வரலாறு, கேட்டபின் நிற்கும் நிலையைத் தருவது. முன்னதின்றிப் பின்னதைக் கூறுதல் வன்மையாம். பின்னதின்றி முன்னதோடமைதல் குறையாம்.