இருவர் என்றால் எந்த இருவர்?

ஐகோர்ட் தீர்ப்பொன்றை இலக்கியப் பகுதியிலே ஆராய்வது முறையோ என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். மனிதர் வாழ்வை ஆளுகின்ற வசனம் எதுவாயினும் அது விமர்சனத்துக்கு உரியதே என்பது எமது துணிபு.

2025-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி, சென்னை ஐகோர்ட் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் இருவரும் ஒரு ஆட்கொணர்வு மனுவில் தீர்ப்பளித்தனர். வீட்டார் தடுத்து வைத்திருந்த 25 வயதுப் பெண்மணி ஒருவரை விடுவிக்குமாறு, அவரைக் காதலிக்கும் மற்றொரு பெண்மணி கொடுத்த மனு அது. மனுவிலோ அவர் தம்மை 'நெருங்கிய தோழி' என்று மட்டுமே எழுதியிருந்தார். அந்தத் தயக்கத்தின் காரணத்தை நீதிபதிகள் உணர்ந்து எழுதியிருப்பது போற்றத்தக்கது. வீட்டார் குறுக்கிடலாகாது, போலீசார் பாதுகாப்பளிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

'க்வீர்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதவும் அவர்கள் கூசுகின்றனர். அகராதியில் அதற்கு விசித்திரம் என்றல்லவா பொருள்! ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எம்மனோர்க்கு அது ஏச்சாகவே முதலில் அறிமுகமாயிற்று. தமிழ்நாட்டு அரசு 2022-ல் வெளியிட்ட சொற்பட்டியல் அதனைப் 'பால்புதுமையர்' என்று தமிழாக்கியது. புதுமை என்பது சீர்திருத்தக்காரர் நாவில் என்றும் புகழ்ச் சொல்லாகும். இவ்விடத்தில் தமிழே ஆங்கிலத்தை வென்றது.

ஆனால் 'குடும்பம்' என்னும் சொல்லைத் தாராளமாய் வழங்கும் இத்தீர்ப்பு, 'விவாகம்' என்ற சொல்லண்டை வந்ததும் நின்றுவிடுகின்றது. குடும்பம் அமைக்க விவாகம் ஒன்றே வழியன்று என்கிறது. விவாகம் அடிப்படை உரிமையன்று, அதனைச் சட்டசபைகளே தீர்மானிக்கட்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர் 17-ந் தேதி கூறிவிட்டதால் இவர்கள் கைகள் கட்டுண்டவை. ஆயினும் அச்சொல்லின்றி வாழ்வோர் இழப்பது சிறிதன்று. தோட்டத்து ஆபீசில் பாரங்களை நிரப்பும் கிராணிக்கு இது தெரியும்: தொழிலாளி இறந்தால் சொக்சோ பென்ஷன் விதவைக்குச் சேரும், தோழிக்குச் சேராது.

'சட்டசபை பார்த்துக்கொள்ளும்' என்பது நமக்குப் புதிய சொல்லுமன்று. 1920-களின் இறுதி முதல் புரோகிதரின்றி நடந்த சுயமரியாதை விவாகம் செல்லாதென்று 1953-ல் இதே சென்னை ஐகோர்ட் தீர்ப்பளித்தது. 1967-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் வரும்வரை அத்தம்பதிகள் காத்திருந்தனர். அச்சட்டத்தின் 7-ஏ பிரிவு 'எந்த இரு இந்துக்களுக்கும்' என்று எவ்வளவு விசாலமாய்த் தொடங்குகின்றது! சில வரிகளிலேயே கணவன், மனைவி என்று குறுகிவிடுகின்றது. நம் மலேசியாவின் 1976-ம் வருஷத்து விவாகச் சட்டத்தில் அத்தகைய மயக்கமேயில்லை. ஆணும் பெண்ணுமல்லாத இருவரின் விவாகம் செல்லாதென்று 69-வது பிரிவு வெளிப்படையாய்க் கூறுகின்றது.

தீர்ப்பை வாசிப்போர் தாயாரைப் பற்றிய இடத்தைத் தவறவிடலாகாது. தம் மகனை அவன் இயல்போடு ஏற்றுக்கொண்ட நீதிபதி லீலா சேத்தைப் போல எல்லாத் தாயாரும் இருக்க முடியாதென்று, அவரை இகழாமலே எழுதியிருக்கிறார்கள். அவருக்கு எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பயன்படவில்லை.