துணிவும் அச்சமின்மையும்: தில்லியில் பிறந்த ஒரு பெயரை முன்வைத்து

2012 டிசம்பர் 16 இரவு தில்லியில் ஓடும் பேருந்தில் கொடுமைக்கு ஆளாகி, அம்மாதம் 29ஆம் நாள் சிங்கப்பூர் மருத்துவமனையில் உயிர்நீத்த மாணவியை இதழ்கள் இயற்பெயரால் சுட்ட இயலவில்லை. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுதல் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவின்படி குற்றமாகும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையிலும் அத்தடை தொடர்கிறது. ஆகவே இதழ்கள் தாமே பெயர்களைப் படைத்துக்கொண்டன. தாமினி, அமானத் என்பனவும் சிலநாள் வழங்கின. நிலைபெற்றது 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' இட்ட 'நிர்பயா' என்னும் பெயரே. 2013 பிப்ரவரியில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தபோது அது ஆட்சிச் சொல்லாகவும் ஆயிற்று.

தமிழ் ஏடுகள் இப்பெயரை மொழிபெயர்க்கவில்லை, ஒலிபெயர்த்தன. இந்தி அறிந்தார்க்கு 'அச்சமற்றவள்' என்னும் பொருள் கேட்டவுடன் புலப்படும். தமிழ் வாசகர் பலர்க்கு அது பொருள் தோன்றாத ஒலியே. இலக்கணத்தார் மொழியில் கூறின், காரணப்பெயராகப் பிறந்தது தமிழுக்கு வந்ததும் இடுகுறியாயிற்று. 'பயம்' தமிழில் நெடுங்காலம் வழங்கும் சொல்லாயிற்றே எனலாம். ஆயினும் வடசொற்கள் தமிழில் எங்குச் சென்று நிற்கும் என்பதை முன்கூட்டி உரைத்தல் அரிது. அச்சமின்மையைக் குறிக்கும் 'அபயம்' தமிழில் அடைக்கலமாயிற்று. அஞ்சியவர் எழுப்பும் குரலும் ஆயிற்று!

மொழிபெயர்த்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? தொல்காப்பியக் களவியல் தலைவனுக்கு உரனையும் பெருமையையும் உரியனவாக்கி, தலைவிக்குரிய இயல்புகளில் அச்சத்தை முதற்கண் வைக்கிறது. அம்மரபில் 'அஞ்சாதவள்' என்பது வெறும் பாராட்டன்று, மறுப்புரையும் ஆகும். பாரதியார் 'புதுமைப் பெண்'ணில் தொடுத்த வழக்கு அதுவே. ஒலிபெயர்ப்பால் அவ்வழக்கு மீண்டும் எழாமற் போயிற்று. ஏடுகள் இதைக் கருதிச் செய்தன என்பது நம் கருத்தன்று. விளைவு மட்டுமே ஈண்டு நோக்கத்தக்கது.

இனி, அச்சமின்மை இங்குப் பொருந்தும் சொல்தானா என்பது வேறு வினா. 'துணி' என்னும் அடிக்கு அறுபடுதல், தெளிதல், முடிவுசெய்தல், அஞ்சாது முற்படுதல் என்னும் பொருள்கள் உண்டு. இலத்தீனிலும் முடிவுசெய்தலைக் குறிக்கும் வினை வெட்டுதற்பொருளினின்றே கிளைத்தது. திருக்குறளில் (671) ஆராய்ச்சியின் முடிவாக அமைவது துணிவு. 467ஆம் குறளிலும் எண்ணம் முன், துணிவு பின். அச்சம் இருத்தலும் இல்லாமையும் அங்குப் பேசப்படவில்லை. அஞ்சாமை ஒருவரின் இயல்பைக் கூறுவது. துணிவு ஒரு செயலைக் கூறுவது. அஞ்சியவரும் துணியலாம்.

மருத்துவமனையில் அப்பெண் அளித்த வாக்குமூலங்கள் இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன. முதலில் மருத்துவரிடமும், டிசம்பர் 21இல் நிர்வாகத்துறை நடுவரிடமும் கூறினார். 25ஆம் நாள் பேச இயலாத நிலையில், பெருநகர நடுவர் முன் சைகையாலும் எழுத்தாலும் விடையளித்தார். 2017 மே 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இம்மூன்றையும் நம்பத்தக்க மரண வாக்குமூலங்களாக ஏற்றது. அந்நாட்களில் அவர் அஞ்சவில்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அவர் செய்தது துணிவு. 'நிர்பயா' என்னும் பெயர் அவருடைய அச்சத்தை மறைத்து, அதனால் துணிவின் அளவையும் குறைத்துவிடுகிறது.

அவ்வாறாயின் 'துணிந்தவள்' என்று பெயர்க்கலாமே எனின், வழக்கு இடந்தரவில்லை. 'துணிந்தவன்' புகழாக நிற்க, 'துணிந்தவள்' வரம்பு மீறியவள் என்னும் ஏச்சாகத் திரிகிறது. 'துணிச்சல்' என்பதும் இத்தகையதே. "என்ன துணிச்சல்!" என்பது பெரும்பாலும் மேலிருப்பவர் கீழிருப்பவரை நோக்கி, மூத்தோர் இளையோரை நோக்கி, கணவன் மனைவியை நோக்கிக் கூறுவது. எதிர்த்திசையில் அத்தொடர் அருகியே வரும். அகராதிகளில் 'துணிவு', 'துணிச்சல்' இரண்டற்கும் ஒன்றை மற்றொன்றால் விளக்கிச் செல்வது எளிதாயினும், யார் யாரை நோக்கிச் சொல்வது என்னும் குறிப்பில்லாத பதிவு மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படாது.