கபுறு பிழையா?

அண்மைக்காலச் சிறுகதைகள் சிலவற்றில் ஒரு விசித்திரத்தைக் காண்கிறேன். ஊர்க் கிழவியொருத்தி நல்ல பேச்சுத் தமிழில் கதைத்துக்கொண்டு வருகிறாள். அரபுச் சொல்லொன்று வந்ததும் திடீரென மதரஸா மாணவியாகிவிடுகிறாள். 'மவ்த்', 'கப்ர்', 'ஸுப்ஹ்' என்கிறாள். உண்மையில் அவள் வாயில் வருவது மௌத்து, கபுறு, சுபஹு. எனது கதையொன்றில் 'மௌத்து' என்றிருந்ததைச் சஞ்சிகையொன்று 'மவ்த்' என்று மாற்றி அச்சிட்டது. காரணம் கேட்டபோது, "அதுதானே சரியான உச்சரிப்பு" என்றார்கள்.

சரி எது, பிழை எது என்பதை அசையமைப்பைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். 'கப்ர்' என்ற சொல் இரண்டு மெய்களில் முடிகிறது. இலக்கண அரபில் வேற்றுமை விகுதி சேர்ந்தால் அது 'கப்-ருன்' என இரண்டு அசையாக எளிதில் பிரிந்துவிடும். விகுதி உதிர்ந்த பேச்சு அரபில்தான் இரு மெய்களும் இறுதியில் தனித்து நிற்கின்றன. அப்போது ஒவ்வொரு பிரதேசமும் தன் வழியில் போகிறது. கெய்ரோ அந்த இரட்டை மெய்யை அப்படியே வைத்துக்கொள்கிறது. பக்தாத் இடையில் ஓர் உகரத்தை நுழைத்து 'கபுர்' என்கிறது.

மூன்று மெய்கள் அடுத்தடுத்து வந்தாலும் இதே வேறுபாடுதான். 'அவனிடம் சொன்னேன்' என்பதைக் கெய்ரோவாசி 'உல்திலு' என்பார். பக்தாத்வாசி 'கிலித்லா' என்பார். முன்னவர் இரண்டாம் மெய்யின் பின்னே இகரத்தை வைக்கிறார், பின்னவர் அதன் முன்னே வைக்கிறார். இருவரும் அரபிகளே. இவர்களில் எவரையும் அரபு தெரியாதவர் என்று யாரும் சொல்வதில்லை.

நமது கிழவியும் இதையேதான் செய்கிறாள். வல்லின மெய்யில் சொல் முடிவதைத் தமிழ் ஏற்பதில்லை. ஆகவே உகரம் சேர்ந்து மௌத்து, பைத்து, வக்து என்றாகின்றன. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லினம் மெலிந்து ஒலிக்கும். வன்மை வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். 'பக்ர்' என்பதில் ககரம் வல்லோசை, ஆகவே அபூபக்கர். 'கப்ர்' என்பதில் உள்ளது மெல்லோசை. ஆகவே இரட்டிக்காமல் கபுறு. மௌத்து என்பதில் இரட்டைத் தகரம், மௌலூது என்பதில் ஒற்றைத் தகரம். அரபில் இவை தா, தால் என்ற இரு வேறு எழுத்துகள். எழுதப் படிக்கத் தெரியாத நம் மூதாட்டிகளின் நாக்கு அந்த வேறுபாட்டைப் பிசகாமல் காத்து வந்திருக்கிறது. இதையா நாம் கொச்சை என்கிறோம்?

குர்ஆன் ஓதுவதற்கு இது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். பொருந்தாது. ஓதலுக்கு தஜ்வீத் சட்டம் உண்டு. அங்கே மஹ்ரஜ் பிசகினால் பொருளே மாறிவிடக்கூடும். ஆனால் மையவாடிக்குப் போய்வந்தவர் திண்ணையில் இருந்து பேசுவது ஓதலல்ல, அது தமிழ். இவ்விரண்டையும் குழப்பியதுதான் நமது திருத்துநர்கள் செய்த தவறு எனலாம்.

பரந்தனில் இருந்து எழுதும் எனக்கு இது வெறும் எழுத்துக்கூட்டல் தகராறல்ல. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தனர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினர். 2009இல் போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் திரும்பினர். கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் எங்கள் சந்தியில், நீராவிப்பிட்டிக்கும் தண்ணீரூற்றுக்கும் போகிறவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதுண்டு. உம்மா "சுபஹுக்கு எழும்பினேன்" என்கிறார். புத்தளத்தில் வளர்ந்த மகன் "ஃபஜ்ர்" என்கிறான். அவனைக் குறைசொல்வதற்கில்லை, மொழி மாறத்தான் செய்யும். ஆனால் உம்மாவின் பேச்சு எங்கே பதிவாகியிருக்கிறது? வீடும் வளவும் போனவர்களுக்கு உறுதிகளாவது சிலவேளை மிஞ்சின. அவர்களுடைய பேச்சுக்கு எந்த உறுதியும் இல்லை. கதைகள்தாம் அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவை. அந்தச் சாட்சியையும் நாமே திருத்தி அழித்தால், பின்னர் வரும் ஆய்வாளன் வன்னி முஸ்லிம்கள் எல்லாரும் பாடப்புத்தக அரபு பேசினார்கள் என்றே முடிவுசெய்வான்.

எழுத்தாளர்களிடம் நான் கேட்பது சிறிய விடயந்தான். பாத்திரத்தின் வாயில் கேட்டதை எழுதுங்கள். இமாம் 'கப்ர்' என்றால் 'கப்ர்' என்றே எழுதுங்கள். கிழவி 'கபுறு' என்றால் 'கபுறு' என்றே எழுதுங்கள். அதற்கு மேற்கோள்குறியும் வேண்டாம், அடிக்குறிப்பும் வேண்டாம். பத்திராதிபர்கள் தயவுசெய்து அந்த உகரத்தில் கைவைக்காதிருக்கட்டும்.