810ல் பேசியவர்கள்

அமெரிக்கப் பேச்சு வானொலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை ஒலிபரப்பு ஆணையம் 1987ல் கைவிட்டது. 1988 ஆகஸ்டில் வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நியூயார்க்கிலிருந்து நாடு முழுமைக்கும் பேச ஆரம்பித்தார். பிறகு நடந்ததெல்லாம் இவற்றின் விளைவு என்று கதை முடிந்துவிடும். சான் பிரான்சிஸ்கோவின் கேஜிஓ நிலையம் இந்தக் கதைக்குள் அடங்குவதில்லை. லிம்பாவை ஊர் அறியாத 1978லேயே தன் வட்டாரத்தில் முதலிடத்தைப் பிடித்து, ஏறக்குறைய 30 ஆண்டுகள் அதை விடாமல் வைத்திருந்த நிலையம் அது. அங்கே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து எழுந்துபோனவர்களை வரிசையாகப் பார்த்தால், பேச்சு வானொலி வேறு வழியிலும் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்த வகை வானொலி நமக்குப் பழக்கமில்லாதது. இந்தியாவில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. எனவே நம் பண்பலைகள் பாட்டும் பகடியுமாக வளர்ந்தன. அமெரிக்கப் பேச்சு வானொலியில் பாட்டே இல்லை. ஒருவர் மூன்று மணி நேரம் தனக்குப் பட்டதைப் பேசுவார், தொலைபேசியில் வருகிற நேயரோடு வாதாடுவார், நடுநடுவே விளம்பரமும் செய்தியும் வரும். மறுநாளும் அதே நேரத்துக்கு அவரே வருவார். ஊரார் அவரை நேரத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்பார்கள்.

கேஜிஓவின் செல்வாக்குக்கு முதல் காரணம் பேச்சு அல்ல, மின்சாரம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1924 ஜனவரியில் ஓக்லாந்தில் இதைத் தொடங்கியது. அதே நிறுவனத்துக்கு நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியிலும் டபிள்யூஜிஒய் என்றொரு நிலையம் இருந்தது. இரண்டும் பின்னாளில் 810 கிலோஹெர்ட்ஸிலேயே வந்து சேர்ந்தன. கிழக்கே இருந்த நிலையத்தின் மீது போய் மோதாமலிருக்க, கேஜிஓ தன் 50,000 வாட் சக்தியைக் கிழக்குப் பக்கம் அடக்கி, வடக்கும் தெற்குமாகத் திருப்பிவிட வேண்டியிருந்தது. டம்பார்டன் பாலத்தருகே உப்பங்கழிச் சதுப்பில் நிற்கும் மூன்று கோபுரங்கள் அந்த வேலையைச் செய்தன. உப்புநீர் ஊறிய மண் மத்திய அலைக்கு மிகத் தோதானது. ஆக, இன்னொரு நிலையத்துக்கு விட்டுக்கொடுத்த ஏற்பாடே மேற்குக் கடற்கரை முழுவதையும் இதற்கு எழுதிக்கொடுத்துவிட்டது. இரவில் கனடாவிலும் அலாஸ்காவிலும்கூடக் கேட்கும். சியாட்டிலுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரி ஓட்டுநர் சான் பிரான்சிஸ்கோ மேயரைப் பற்றி அபிப்பிராயம் சொன்னது இப்படித்தான்.

பேச்சு அங்கே குடியேறியது 1960களில். அதன் பிறப்பிடம் ஒரு கேளிக்கை விடுதி. நார்த் பீச் பகுதியில் 'ஹங்ரி ஐ' என்ற நகைச்சுவை அரங்கு இருந்தது. ஐரா புளூவும் லெஸ் கிரேனும் அங்கே உட்கார்ந்தபடியே இரவு நிகழ்ச்சியை நடத்தினார்கள். கிரேனின் பிற்கால வாழ்க்கை எந்த நாவலாசிரியனையும் பொறாமைப்பட வைக்கும். 1964ல் ஏபிசி நிறுவனம் அவரை இரவு நிகழ்ச்சி நட்சத்திரம் ஜானி கார்சனுக்குப் போட்டியாகத் தேசியத் தொலைக்காட்சியில் இறக்கியது. பாப் டிலன் அவர் நிகழ்ச்சிக்கு வந்தார். அதெல்லாம் கொஞ்ச நாள்தான். 'டெஸிடராட்டா' என்ற உரைக்கவிதையைப் படித்து இசைத்தட்டாக்கி கிராமி விருது வாங்கினார். கடைசியில் கணினி மென்பொருள் நிறுவனம் ஒன்றின் தலைவரானார். உலகெங்கும் பிள்ளைகளுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்த மேவிஸ் பீக்கன் மென்பொருள் அந்த நிறுவனத்தினுடையது. வானொலியில் தொடங்கியவர்கள் அதிலேயே முடிய வேண்டும் என்ற கட்டாயம் அந்தத் தலைமுறைக்கு இருக்கவில்லை.

நிலையத்துக்கு நிரந்தர வடிவம் கொடுத்தவர் ஜிம் டன்பார். சிகாகோவில் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர், 1963ல் நிகழ்ச்சி இயக்குநராக வந்து கேஜிஓவைச் செய்திக்கும் பேச்சுக்கும் திருப்பினார். அவர் பெயர் குற்ற வரலாற்றிலும் உண்டு. 1969 அக்டோபரில், அந்த வட்டாரத்தை அச்சுறுத்திவந்த 'ஸோடியாக்' கொலைகாரன் தானே என்று சொல்லிக்கொண்ட ஒருவன், டன்பாரின் காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிரபல வக்கீல் மெல்வின் பெல்லி வந்தால் பேசுவேன் என்று போலீசுக்குச் சொன்னான். பெல்லி வந்தார், அழைப்புகளும் வந்தன, ஊரே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. பேசியது உண்மைக் கொலைகாரன் அல்ல, ஒரு மனநல மருத்துவமனை நோயாளி என்பது பிறகுதான் தெரிந்தது. நேயர் அழைப்பை நம்பி நடக்கும் தொழிலில், அழைக்கிறவர் யார் என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம். டன்பாரோ அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் காலைச் செய்தியை அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

1975ல் மிக்கி லக்காஃப் பொது மேலாளரானார். 35 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். ஒரே மனிதர் இவ்வளவு காலம் நிலையத்தை ஆண்டதுதான் கேஜிஓவின் இரகசியம் என்பது என் கணிப்பு. தொகுப்பாளர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போக வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்துப் பேசலாம். அதே 1975ல் வந்த ரான் ஓவன்ஸ் முற்பகல் நேரத்தைத் தனதாக்கிக்கொண்டார். ஓவன்ஸ் நடுவழிக்காரர். இடதுசாரிகளும் வலதுசாரிகளும் ஒரேபோல அவரிடம் கோபித்துக்கொள்ள இடம் வைத்திருந்தார். 1997ல் லாஸ் ஏஞ்சலஸின் கேஏபிசி நிலையமும் அவரை எடுத்துக்கொண்டது. ஒரே குரல் இரு ஊருக்கும் போதும் என்ற கணக்கு. அது நெடுநாள் நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நேயருக்கு அவர் வெளியூர்க்காரர்.

மற்றவர்கள் எங்கிருந்தெல்லாம் வந்தார்கள் என்று பார்ப்பது சுவையானது. டீன் ஈடெல் கண் மருத்துவர். தொழிலை விட்டுவிட்டு ஹிப்பி போலத் திரிந்தவர். 1970களின் இறுதியில் கேஜிஓவில் மருத்துவக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்து, நாடு முழுவதும் கேட்கப்பட்டு, 2010 இறுதியில் ஓய்வுபெற்றார். வெளியில் வாய்விட்டுக் கேட்க முடியாததை முகம் தெரியாத அவரிடம் ஜனங்கள் கேட்டார்கள். சத்து மாத்திரை வியாபாரிகளை அவர் விட்டுவைத்ததில்லை. லென் டில்லம் வக்கீல். பக்கத்து வீட்டு வேலித் தகராறையும் உயில் சண்டையையும் நகைச்சுவை நாடகமாக்கியவர். பில் வாட்டன்பர்க் பொறியியல் படித்த விஞ்ஞானி. வார இறுதி இரவுகளில் அணு உலையிலிருந்து பழைய காரின் எஞ்சின்வரை பேசுவார். மைக்கேல் கிராஸ்னி ஆங்கிலப் பேராசிரியர். கேஜிஓவில் எட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, 1993ல் பொது வானொலியான கேகியூஇடிக்குப் போய் 'ஃபோரம்' நிகழ்ச்சியை 2021வரை நடத்தினார். வணிக வானொலியில் படித்த பாடத்தைப் பொது வானொலிக்கு நாகரிகமாகக் கொண்டுபோன ஒரே ஆள் அவர்தான் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

இவர்களில் ரே டாலியஃபெரோவுக்கு மட்டும் தனிக் கட்டுரையே எழுதலாம். 1960களின் இறுதியில் கறுப்பின உரிமைச் சங்கமான என்ஏஏசிபியின் சான் பிரான்சிஸ்கோ கிளைக்குத் தலைவராக இருந்தவர். தேவாலயப் பாடற்குழுவை நடத்திய இசைக்காரர். 1977ல் கேஜிஓவுக்கு வந்தார். பெருநகர வானொலியில் பேச்சு நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். அவருக்குக் கிடைத்த நேரம் இரவு ஒரு மணியிலிருந்து ஐந்துவரை. வேறொருவருக்கு அது தண்டனையாக இருந்திருக்கும். ஆனால் நள்ளிரவில்தான் அலை தூரம் போகும். போட்டி நிலையங்கள் தூங்கும். காவலாளி, செவிலியர், லாரிக்காரர், தூக்கம் வராத முதியவர் எல்லோரும் அவர் நேயர்கள். குடியரசுக் கட்சிக்காரர்களை அவர் பேசிய பேச்சில் நிதானம் கிடையாது. எதிர்த்து அழைத்தவர்களைப் பாதியில் வெட்டிவிடுவார். அந்த விஷயத்தில் லிம்பாவுக்குச் சளைத்தவரல்ல. கேஜிஓவைப் பண்பான உரையாடலின் கோயிலாக நினைவுகூர்கிறவர்கள் இரவு இரண்டு மணிக்கு அதைத் திருப்பிக் கேட்டதில்லை.

1994ல் டாலியஃபெரோ விடுப்பில் போனபோது மாற்றாளாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். மூலிகை மருத்துவப் புத்தகங்கள் எழுதிய மைக்கேல் வீனர். அடுத்த ஆண்டே கேஜிஓவின் சகோதர நிலையமான கேஎஸ்எஃப்ஓ வலதுசாரிப் பேச்சுக்கு மாறியது. அங்கே மைக்கேல் சாவேஜ் என்ற பெயரில் அவர் எரிமலையாய்க் கிளம்பி, சில ஆண்டுகளில் நாடு முழுவதும் ஒலித்தார். நாட்டின் மிகக் கடுமையான வலதுசாரிக் குரல்களில் ஒன்று, நகரத்தின் மிகக் கடுமையான இடதுசாரிக் குரலின் நாற்காலியில் தொழில் பழகியிருக்கிறது. லிம்பாவும் 1984 முதல் 1988வரை பக்கத்து சாக்ரமெண்டோவில்தான் தன் பாணியை உருவாக்கினார். வடகலிபோர்னியா தாராளவாதிகளின் பூமி என்ற பேச்சை இந்த இரண்டு தகவல்களோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

இரவின் முற்பகுதியில் ஜீன் பர்ன்ஸ். அரசு எவ்வளவுக்குச் சிறியதோ அவ்வளவுக்கு நல்லது என்று நம்பிய லிபர்டேரியன். 1984ல் லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளராகக்கூட முயன்று பின்வாங்கியவர். வாக்கியத்தை முடிக்காமல் விடாத பழைய காலத்துக் குரல். வார இறுதியில் அதே குரல் உணவகங்களைப் பற்றியும் ஒயினைப் பற்றியும் பேசும். அவருக்கடுத்து பெர்னி வார்ட்: முன்னாள் கத்தோலிக்கப் பாதிரியார், சளைக்காத இடதுசாரி, ஞாயிறு காலையில் மதம் பற்றித் தனி நிகழ்ச்சி. குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களை இணையத்தில் அனுப்பிய வழக்கில் 2008ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றார். அதன் பிறகு நிலையத்தின் நினைவுப் பட்டியல்களில் அவர் பெயரை எப்படிச் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டியலில் இன்னொரு குறையும் உண்டு: வார நாட்களின் முக்கிய நேரங்களில் பெண்குரல் அரிது. உடற்பயிற்சி நிபுணர் ஜோனி கிரெகெய்ன்ஸ் போன்றவர்களுக்கு வார இறுதிதான் வாய்த்தது.

சரிவுக்கு நேயர்களின் ரசனை மாறியதைக் காரணம் சொல்வார்கள். முழுக்கத் தப்பில்லை, மத்திய அலை கேட்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. 2008ல் கணக்கெடுக்கும் முறையும் மாறியது. அதற்குமுன் நேயர்கள் நாட்குறிப்பில் கேட்டதை எழுதித் தந்தார்கள். பிடித்த நிலையத்தின் பெயரைக் கை தானாக எழுதும். இடுப்பில் செருகும் கருவி வந்தபின், காதில் விழுந்தது மட்டுமே கணக்கில் வந்தது. ஆனால் பெரிய காரணம் கடன். 2007ல் கேஜிஓ உள்ளிட்ட ஏபிசியின் வானொலிகளை வாங்கிய சிட்டடெல் நிறுவனம் 2009ல் திவாலானது. 2010ல் லக்காஃப் விலகினார். 2011ல் கியூமுலஸ் நிறுவனம் சிட்டடெலை வாங்கியது. வெளியிலிருந்து வாங்கும் தேசிய நிகழ்ச்சிக்குப் பல சமயம் பணமே தர வேண்டாம், சில விளம்பர நிமிடங்களை விட்டுக்கொடுத்தால் போதும். உள்ளூர்த் தொகுப்பாளருக்கோ மாதாமாதம் சம்பளம். வட்டி கட்டுகிறவனுக்கு இந்தக் கணக்கில் எது கண்ணில் படும் என்று சொல்லத் தேவையில்லை.

2011 டிசம்பரில் ஒரே வீச்சில் பர்ன்ஸ், டாலியஃபெரோ, டில்லம், கிரெகெய்ன்ஸ், மற்றத் தொகுப்பாளர்களான கில் கிராஸ், ஜான் ராத்மன் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். முழுநேரச் செய்தி நிலையமாக்கும் திட்டம் அது. ஊரில் கேசிபிஎஸ் பல பத்தாண்டுகளாக அதைச் செய்துகொண்டிருந்தது. ஓவன்ஸ் மட்டும் தப்பினார். விடைபெறும் நிகழ்ச்சி என்று ஒன்று தரும் வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை, விடைபெறுகிறவர் என்ன பேசுவாரோ என்ற பயம். பர்ன்ஸ் 2013 மே மாதம் காலமானார். டாலியஃபெரோ 2018ல் காணாமல்போய், சில வாரங்களுக்குப் பின் கென்டக்கியின் படூக்கா நகரில் இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார். தனக்கு நடுக்குவாத நோய் இருப்பதை 2014ல் வெளியே சொன்ன ஓவன்ஸை, 2016ல் கேஎஸ்எஃப்ஓவுக்கு மாற்ற நிர்வாகம் முனைந்தது. நேயர்கள் கொதித்ததில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நேயர்கள் வென்ற கடைசிச் சண்டை அது.

செய்தித் திட்டம் தோற்று நிலையம் பேச்சுக்கே திரும்பியது. 2022 அக்டோபர் 6 காலையில் நிகழ்ச்சி திடீரென நின்று, பணம் பற்றிய பாட்டுகள் ஒலிக்கத் தொடங்கின. சில நாட்களில் விளையாட்டுச் சூதாட்ட நிலையமாகப் புதுப்பெயர் வந்தது. கலிபோர்னியாவில் விளையாட்டுப் பந்தயம் சட்டவிரோதம். அதைச் சட்டபூர்வமாக்கக் கேட்ட இரண்டு முன்மொழிவுகளையும் அடுத்த மாதமே வாக்காளர்கள் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்தார்கள்.

அந்த அக்டோபர் காலையில் வேலை இழந்த தொகுப்பாளர்களில் மார்க் தாம்ப்சன் யூடியூபுக்குப் போனார். ஜான் ராத்மனுக்கு அனுபவம் இருந்தது: 2011ல் நீக்கப்பட்டு, பிறகு திரும்ப அழைக்கப்பட்டவர், ஒரே நிலையத்தில் இரண்டாவது முறையாக வேலை இழந்தார். இளமையில் ரிச்சர்ட் நிக்சனிடம் உதவியாளராக இருந்தவர் அவர். பிறகு பாட்காஸ்ட் நடத்தத் தொடங்கினார்.